வாத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

பக்கம் அறுநூற்றுப் பதினேழின் ஓரத்தில் பதிப்பகத்துக்காரர்கள் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள். 'பக்க எண் இல்லை. தரவும்.' அவ்வளவுதான். கணவர் எழுதிய புத்தகத்தின் தொள்ளாயிரத்து நாற்பது பக்க அச்சு மெய்ப்பில் அவள் இதைப் போல முந்நூறு கேள்விகளுக்குப் பதினோரு நாளாகப் பதில் எழுதி முடித்திருந்தாள். பாக்கி இருந்தது இது ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் தாள்கள் பரப்பியிருந்ததால் இந்தப் பதினோரு நாளும் வீட்டில் எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எல்லோரும் என்றால் அவளும் அவள் கணவரும். அவர் வீட்டிலும் பேராசிரியர்தான்; ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அந்தப் பட்டத்தைக் குளிக்கும்போதுகூடக் கழற்றி வைத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த அறையில் அவர் தொலைபேசியில் முழங்கிக்கொண்டிருந்தார். "அஞ்சாம், அஞ்சு. எண்ணிச் சொல்றார் பெரிய மனுஷர். அவர் கைவிரல் அஞ்சு இருக்கேன்னு மொழிக்கும் அஞ்சு வெச்சுட்டார். இன்னும் ஒரு மாசம் பொறுங்க, புத்தகம் வரட்டும், விரலை மடக்க வெச்சுடறேன்."

பெரிய மனுஷர் என்பது அவர்களுடைய சம்பந்தி. பேராசிரியரின் கட்சி ஒற்றை உயிர்க் கட்சி. இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் மூலமாக, ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ பேசி, ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போய்ச் சேர்ந்த அந்தத் தாய்மொழியில் இருந்த உயிரொலி ஒன்றே ஒன்று, அது 'எ' என்பது அவர் வாதம். மற்றதெல்லாம் அதன் வேஷம். சில இடத்தில் 'ஒ' ஆகும், சில இடத்தில் நீளும், சில இடத்தில் ஆளே காணாமல் போகும். எங்காவது 'அ' தென்பட்டால், தொண்டையிலிருந்து எழும் ஒரு மெய்யொலி பக்கத்தில் நின்று 'எ'வுக்குச் சாயம் பூசிவிட்டுத் தானும் மறைந்துவிட்டது என்று அர்த்தம். குற்றவாளி ஓடிவிட்டான், கறை மட்டும் மிச்சம். சம்பந்தியின் கட்சி ஐந்து உயிர்க் கட்சி. ஒரே ஒரு உயிரொலியை வைத்துக்கொண்டு எந்த ஜனமும் வாசலில் போகிற பால்காரனைக்கூடக் கூப்பிட்டிருக்க முடியாது, 'அ' யாருடைய சாயமும் இல்லாமல் சொந்தக் காலில் நின்றது என்பது அவர் வாதம். இருவரும் ஒரே துறையில் எதிரெதிர் அறையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, ஒருவர் மாணவரை மற்றவர் தேர்வில் கவிழ்த்து, ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் ஒலிபெருக்கியைப் பூட்டிவைத்து, சண்டையைச் சீராக நடத்தி வந்தார்கள். இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு கருத்தரங்கின் தேநீர் வரிசையில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டதில், சண்டை மேடையிலிருந்து இறங்கி வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. வேறு மாற்றமில்லை.

அவள் பக்கம் அறுநூற்றுப் பதினேழைத் திரும்பப் படித்தாள். வாத்து வந்திருந்தது. வீட்டு வாத்து இல்லை, கழுத்து நீண்ட பெரிய ஜாதி. கிளைமொழிகளில் பாதிக்குமேல் அந்தப் பறவையின் பெயருக்குள் ஒரு 'அ' சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சாயமா, சொந்தமா என்று இரு கட்சியும் அதன் இறகை வெகு காலமாகப் பிய்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் பேராசிரியருக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்தது. கல்வெட்டுகளில் முந்நூற்றுச் சொச்சம் சொற்கள் மட்டும் மிஞ்சிய ஒரு செத்த மொழியில், யாரும் புரட்டாத ஒரு பழைய சொற்பட்டியலில், வாத்தின் பெயர் அகப்பட்டது. 'அ'வுக்குப் பக்கத்திலேயே அந்தத் தொண்டை மெய் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போன குற்றவாளி பிடிபட்டான் என்று கட்டுரை எழுதி அறிவித்தார். அந்த ஒரு கட்டுரையால்தான் பதவி வந்தது, பரிசு வந்தது, அடர்பச்சைக் கரை போட்ட ஒரு சால்வையும் வந்தது. அகப்பட்டவன் வெறும் வழிப்போக்கன், அவன் பக்கத்தில் இருந்தும் 'அ' அசையாமல் நிற்பதே அது சொந்தக்காரன் என்பதற்கு அத்தாட்சி என்று சம்பந்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவருக்கும் பரிசு வந்தது. வாத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

அந்தச் சொற்பட்டியலை நூலகத்தில் உட்கார்ந்து படி எடுத்தவள் அவள். அவர்கள் தொழிலில் எல்லாம் அட்டைதான். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், கீழே பொருள், மூலையில் நூலின் பெயர். நாற்பத்திரண்டாயிரம் அட்டைகள், எல்லாம் அவள் கையெழுத்து. படிக்கும் காலத்தில் அதே துறையில் அவள் முதல், அவர் இரண்டாவது. கல்யாணத்துக்குப் பிறகு வரிசை தானாகச் சரியாகிவிட்டது. இப்போது மெய்ப்பின் முன்னுரையில் நன்றிக்குரியவர்கள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். இருபத்தொன்பதாவதாக, தட்டச்சு இயந்திரம் பழுதுபார்த்தவருக்கும் மூட்டு வலி மருத்துவருக்கும் நடுவே, 'என் மனைவியின் பொறுமை' நின்றது. நன்றிகூட அவளுக்கு இல்லை, பொறுமைக்கு.

வாத்தின் அட்டையில் பக்க எண் போட விட்டுப்போயிருந்தது. அதனால்தான் நூலகத்துக்கு எழுதி, அந்தப் பழைய பட்டியலை ஒளிநகல் எடுத்து அனுப்பச் சொன்னாள். காலையில் மின்னஞ்சலில் வந்திருந்தது. திரையில் பெரிதாக்கினாள். நாற்பத்து நான்காம் பக்கம், அடியிலிருந்து மூன்றாவது வரி. சொல் இருந்தது. சொல்லின் இடது தோளில் ஒரு சிறு நட்சத்திரம் இருந்தது.

அவர்கள் தொழிலில் நட்சத்திரம் போட்டால் அந்தச் சொல்லை யாரும் எங்கும் எழுதியதில்லை, கேட்டதில்லை, கல்லிலும் இல்லை, ஓலையிலும் இல்லை. இருந்திருந்தால் இப்படி இருந்திருக்கும் என்று ஓர் அறிஞர் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஊகித்தது என்று பொருள். நட்சத்திரம் இல்லாத சொல் சாட்சி. நட்சத்திரம் உள்ள சொல் கனவு. முதலாண்டு மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் விஷயம் இது. அதை விட்டுவிடுகிறவனை அந்தத் துறையில் பியூன்கூட மதிக்க மாட்டார்.

அட்டையை எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். நட்சத்திரம் இல்லை. எட்டு மாதக் கர்ப்பம் அப்போது. நூலகத்து நாற்காலிக்கும் மேசைக்கும் இடையே வயிறு நுழையாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரே பிற்பகலில் முந்நூற்று நாற்பது அட்டை எழுதினாள். அவர் அன்றைக்கு வெளியூரில் சொற்பொழிவு. கடைசிப் பத்து அட்டைகளில் எழுத்து சரிந்து கிடந்தது. அதில் ஒன்றில்தான் ஒரு கனவுக்குச் சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

முதலில் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வேறொன்று தோன்றி, அதற்காக வெட்கப்பட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே அதை ரசித்தாள். அந்தச் சொல் மூன்று அகராதிகளில் ஏறியிருந்தது. பாடநூல்களில் இருந்தது. எந்தெந்த நாட்டிலோ பரீட்சை எழுதும் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். இந்தத் துறையில் அவள் பெயரில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் யாருமே வாயால் சொல்லாத ஒரு வாத்தை உலகத்தின் தலையில் கட்டியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கென்று சொந்தமாக உள்ள ஒரே கண்டுபிடிப்பு.

அடுத்த நிமிஷம் அடிக்குறிப்பில் கண் போயிற்று. 'மூல நூலை நேரில் கண்டு சரிபார்க்கப்பட்டது.' கட்டுரையில் இருந்த அதே வரி, புத்தகத்திலும். அவர் அந்த நூலகத்துக்கு ஒருநாளும் போனதில்லை. வாசல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது.

பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சம்பந்தி. போன மாதம் இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர வந்திருந்தாராம். கையில் குடை இருந்தது, கண் மேசைமேல் இருந்தது.

"என்ன சம்பந்தி, குடையா, உளவா?" என்றார் பேராசிரியர் வாசலிலேயே.

"எனக்கெதுக்குங்க உளவு. நீங்க என்ன எழுதியிருப்பீங்கன்னு முப்பது வருஷமாத் தெரியுமே. அதையேதானே எழுதறீங்க." சொல்லிவிட்டு அவளைப் பார்த்து, "தங்கச்சி, தண்ணி மட்டும் போதும். இந்த வீட்டுல சர்க்கரை போட்டா எனக்கு ஒத்துக்காது" என்று உட்கார்ந்தார்.

"உக்காரும்போதே மூச்சு வாங்குது. அஞ்சு உயிரையும் ஒருத்தரே சுமந்தா அப்படித்தான்."

"ஒண்ணே ஒண்ணை வெச்சுக்கிட்டுத் திண்டாடறதுக்கு இது தேவலை."

பிறகு வழக்கம்போல வாத்துக்கு வந்தார்கள். மழை, மருமகனின் வேலை, மகளின் முதுகுவலி, எங்கே தொடங்கினாலும் ஆறாவது வாக்கியத்தில் வாத்து வந்துவிடும். பேராசிரியர் நாற்காலியின் கையைத் தட்டினார். சம்பந்தி குடையின் பிடியால் தரையைத் தட்டினார். "அந்தக் கல்வெட்டுக்காரன் பொய்யா சொல்றான்?" என்றார் ஒருவர். "அவன் உண்மைதான் சொல்றான், உங்களுக்குத்தான் கேக்கத் தெரியலை" என்றார் மற்றவர். தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு அவள் போகவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் தடவை இதே பேச்சுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, அவர்கள் பாவம் என்ற எண்ணம் ஒரு துளியும் வரவில்லை.

"எந்தக் கல்வெட்டு?" என்றாள்.

இருவரும் நிறுத்தினார்கள். குறுக்கே ஒரு நாற்காலி பேசியிருந்தால் எவ்வளவு திரும்புவார்களோ அவ்வளவு திரும்பினார்கள்.

"எந்தக் கல்வெட்டுல இருக்கு அந்த வாத்து? ரெண்டு பேருமே நேர்ல பாத்ததா எழுதியிருக்கீங்களே."

"பட்டியல்ல இருக்கு. நீதானே எழுதின" என்றார் பேராசிரியர். "உனக்கென்ன திடீர்னு?"

கணினியைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தாள். அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். "நாப்பத்தி நாலாம் பக்கம். சொல்லுக்கு முன்னாடி பாருங்க."

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். சம்பந்தி எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலே குனிந்தார். முதலில் புரிந்துகொண்டவர் சம்பந்திதான். அவர் முகம் மெல்ல விரிந்தது. அரை நிமிஷம் அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான அரை நிமிஷமாக இருந்திருக்க வேண்டும்.

"அட, நட்சத்திரம்" என்றார். "சம்பந்தி, உங்க குற்றவாளி பொறக்கவே இல்லை போலிருக்கே."

"உங்க நாலாம் அத்தியாயமும் அந்த வாத்து மேலதான் நிக்குது, அண்ணா" என்றாள் அவள். "பக்கம் நூத்திப் பத்துல, 'மூல நூலை நானே புரட்டிப் பார்த்தேன்'னு இருக்கு. நான் விட்ட பக்க எண்ணை நீங்களும் விட்டிருக்கீங்க."

விரிந்த முகம் விரிந்தபடியே நின்று, உள்ளேயிருந்து அணைந்தது.

பேராசிரியருக்கு அதற்குள் குரல் திரும்பிவிட்டது. கோபம் வந்தால் அவர் சொற்பொழிவுத் தமிழில் தொடங்கிப் பாதி வழியில் வீட்டுத் தமிழில் விழுவார். "இருபத்தாறாண்டு உழைப்பு. ஒரு மனிதனின் வாழ்நாள் சாதனை. ஒரு புள்ளி அளவு குறி, அதைப் பாத்து எழுதக் கண்ணு இல்லையா உனக்கு? படி எடுக்கிறது கிளார்க் வேலை. அதுகூட உருப்படியா செய்யத் தெரியலை."

"தப்பு என்னுதுதான். இல்லேன்னு சொல்லலையே" என்றாள். "நேர்ல பாத்தேன்னு எழுதினது யாரு?"

"அது ஒரு வழக்கம். எல்லாரும் எழுதறதுதான்."

"ஆமா தங்கச்சி, அது ஒரு மரபு" என்றார் சம்பந்தி.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் பேச்சை மற்றவர் ஆமோதித்திருக்கிறார் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள். கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். பிறகு அந்தக் கூச்சத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையை ஆராய்ந்தார்கள். அது நட்சத்திரம்தானா என்று கேள்வி எழுப்பினார் பேராசிரியர். பழைய அச்சு, மை தெறித்திருக்கலாம். ஈ எச்சமாகவும் இருக்கலாம் என்றார் சம்பந்தி. இந்த மாதிரிப் பழைய புத்தகங்களில் ஈ எச்சம் ஏராளம், அவரே பார்த்திருக்கிறார். அதே பக்கத்தில் இன்னும் நான்கு சொற்களுக்கு முன்னால் அதே எச்சம் இருப்பதை அவள் சுட்டிக்காட்டியதும், ஈ ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார்.

"பட்டியலோட தலைப்புலயே போட்டிருக்கு. 'குறியிட்டவை ஊகம்'னு. முதல் பக்கத்தைக் காட்டட்டுமா?"

"காட்ட வேண்டாம்" என்றார்கள் இருவரும்.

சம்பந்தி குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "இத பாருங்க தங்கச்சி. மூணு அகராதியில வந்துடுச்சு. அத்தனை பேர் ஒத்துக்கிட்ட பிறகு, அது நட்சத்திரமா இல்லையாங்கிறது பழைய கதை. பொழங்கிப் பொழங்கி அது நிஜச் சொல்லாவே ஆயிடுச்சு. சமூகம் ஏத்துக்கிறதுதானே மொழி. என்ன சம்பந்தி?"

"அதேதான். பிரமாதமா சொன்னீங்க" என்றார் பேராசிரியர். அவளிடம் திரும்பினார். "பக்க எண் கேட்டிருக்கான். நாப்பத்தி நாலுன்னு போட்டுடு. கேட்டதுக்குப் பதில். அதுக்குமேல யாரும் கேக்கப்போறதில்லை. இருபத்தாறு வருஷமா எவன் கேட்டான்?"

"நான் கேக்கறேனே."

"நீ கேட்டு?" அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார், அதுதான் அவர் மிரட்டும் முறை. "இது வெளியில போச்சுன்னா யாரைச் சொல்லுவாங்க? என்னையா? பொண்டாட்டி சரியா எழுதிக் குடுக்கலைன்னு ஒரு வரியில என் வேலை முடிஞ்சுது. உன் பேர்தான் நாறும்."

"என் பேரா?" என்றாள். "அது எங்கே இருக்கு, நாறறதுக்கு?"

பேராசிரியர் பேனாவை எடுத்து, அறுநூற்றுப் பதினேழின் ஓரத்தில் தானே நாற்பத்து நான்கு என்று எழுதினார். இத்தனை வருஷத்தில் மெய்ப்புத் தாளில் அவர் கையால் எழுதிய முதல் திருத்தம். அவளிடம் தராமல் தாள்களை அடுக்கினார், கயிறு கட்டினார். கயிறு கட்டத் தெரியாததால் சம்பந்தி விரலை வைத்து அழுத்திக் கொடுத்தார். வாழ்நாள் பகைவர்கள் இருவர் ஒரு முடிச்சின் மேல் தலையோடு தலை குனிந்திருந்த காட்சியை அவள் நின்று பார்த்தாள். கட்டி முடித்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். "நாலு மணிக்குள்ள தபால்ல சேத்துடு. கட்டைப் பிரிக்காதே" என்று படியில் நின்று சொன்னார் பேராசிரியர். தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பது அவர் தகுதிக்கு ஏற்றதாக என்றுமே இருந்ததில்லை. இந்த ரகசியத்துக்காகக்கூட அந்த வழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

வீடு காலியானதும் மேசையும் காலியாகக் கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். கட்டைப் பிரிக்கவில்லை. பிரித்து ஒரு நட்சத்திரம் போட்டால் போதும்தான். ஆனால் அது அவர் புத்தகத்தில் அவர் போட்ட நட்சத்திரமாகிவிடும். அடுத்த பதிப்பில் 'என் நேர்மையான மறுபரிசீலனை' என்று அதற்கும் ஓர் அடிக்குறிப்பு வரும்.

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். அந்தக் கட்டுரை வந்த ஆய்விதழும் அதே பதிப்பகத்துடையதுதான்; முகவரி அவளுக்கு மனப்பாடம். எத்தனை உறையில் எழுதியிருக்கிறாள். கையொப்பமிட்ட தாளாக வந்தால் மட்டுமே திருத்தக் குறிப்புகளை ஏற்பார்கள் என்பதும் தெரியும். எழுத உட்கார்ந்த பிறகுதான், முப்பது வருஷமாக அடுத்தவருக்காக எழுதிய கைக்கு 'நான்' என்று தொடங்க வரவில்லை என்பது தெரிந்தது. மூன்று தாள் கிழிந்தது. நான்காவதில் ஏழு வரிதான் வந்தது. இன்ன சொல் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்ன நூலின் நாற்பத்து நான்காம் பக்கத்தில் ஊகமாகக் குறிக்கப்பட்டது. படி எடுத்தபோது குறியை விட்டவள் நான். இதன் பிறகு இச்சொல்லை மேற்கோள் காட்டிய எவரும் மூல நூலைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசி வாக்கியத்தை ஒருமுறை அடித்தாள். பிறகு அதே வாக்கியத்தை இன்னும் தெளிவான எழுத்தில் திரும்ப எழுதினாள். அச்சாகப்போகும் அவளுடைய முதல் எழுத்து இதுதான், அச்சானால். மகளை நினைத்தாள். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே நாளில் இடிந்து அவள் தலையில் விழும். போன் பண்ணி, ஏம்மா இப்படிப் பண்ணின என்பாள். கையெழுத்துப் போட்டு முழுப் பெயரையும் எழுதினாள். எழுதிய பெயரைச் சற்று நேரம் பார்த்தாள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

தபால் நிலையத்தில் மூன்றே முக்காலுக்கு வரிசை குறைந்திருந்தது. கூண்டுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கட்டை இரண்டு கையாலும் இழுத்துத் தராசில் ஏற்றினாள். "என்னம்மா இது, கல்லா?" என்றாள். நாலு கிலோ அறுநூற்றைம்பது என்று சிவப்பு எண்கள் சட்டென்று வந்து நின்றன. முத்திரை விழுந்தது. கட்டு பின்னாலிருந்த சாக்குக் குவியலுக்குள் தொப்பென்று போயிற்று.

"அடுத்து யாரு?"

"இன்னொண்ணு இருக்கு." உறையைக் கம்பிக்குக் கீழே தள்ளினாள். "பதிவுத் தபால்ல."

அம்மாள் முகவரியைப் படித்தாள். "ரெண்டும் ஒரே முகவரி போலிருக்கே. அதுக்குள்ளயே வெச்சு அனுப்பியிருந்தா ஒரு செலவோட போயிருக்குமே."

"அது வேற ஆளோடது."

அம்மாள் தோளைக் குலுக்கிவிட்டு உறையைத் தராசின் தட்டில் வைத்தாள். பூஜ்யத்தைத் தாண்டி எண் ஏறவில்லை. எடுத்து மறுபடி வைத்தாள். மூட்டைகளை நிறுக்கும் தராசு அது. "இத்தனூண்டு காகிதத்தை இந்த மிஷின் மதிக்காது. எடை போடாம நம்பர் குடுக்கவும் விடாது. நில்லுங்க, ஏறுதா பாக்கலாம்" என்று சொல்லி, ஒரு கையால் முத்திரையைப் பிடித்தபடியே குனிந்து திரையைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் யாரோ செருமினார்கள். மேலே மின்விசிறி சுற்றியது. தட்டின் நடுவில் உறையின் ஒரு மூலை காற்றில் எழும்பி, படிந்து, எழும்பியது. ஒவ்வொரு தடவை படியும்போதும் திரையில் அந்தச் சிவப்புப் பூஜ்யம் லேசாக நடுங்கி, வேறோர் எண்ணாக மாறப்பார்த்து, திரும்பவும் பூஜ்யமாக நின்றது.